மாலை போட்ட பிள்ளைகளுக்கு

தை பிறந்தால் திண்டுக்கல் சாலையில் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகக் கூட்டம் இறங்கிவிடும். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி தாண்டி எங்கள் ஆயக்குடிக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் கால் கொப்பளித்திருக்கும். பழனிக்கு முன்னால் கடைசிப் பெரிய ஊர் என்பதால் இங்கே கொஞ்சம் உட்காருவார்கள். நீர்மோர் கொடுக்கிற எங்களைப் போன்ற கிழடுகளிடம் பேச்சும் கொடுப்பார்கள். முன்பெல்லாம் "இன்னும் எத்தனை மைல் தாத்தா?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது இளசுகள் கேட்பதே வேறு. "தியானத்தில் உட்கார்ந்தால் நெற்றியில் குறுகுறுக்கிறது, அது குண்டலினியா?" "பக்தி பெரிதா, யோகம் பெரிதா?" "முருகன் மேல் அன்பு வரமாட்டேன் என்கிறதே, என்ன செய்ய?"

நிறுத்தி வைத்துப் பதில் சொன்னால் கூட வந்தவர்கள் போய்விடுவார்கள். அதனால் எழுதிவைத்தேன். போகிற வழியில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளட்டும்.

1. பக்தியா யோகமா என்று தராசில் வைக்காதே. நம் மரபில் அந்த வழக்கே இல்லை. திருமூலர் திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகளைச் சொல்கிறார். கோயிலைப் பெருக்கி மெழுகி, பூத்தொடுத்து, விளக்கேற்றுவது சரியை. அது ஆண்டவனுக்கு அடியாளாக நிற்கிற தாச மார்க்கம். முறைப்படி பூசை செய்வது கிரியை. அங்கே உறவு பிள்ளைக்கும் தகப்பனுக்கும் உள்ளது. யோகத்துக்கு என்ன உறவு வைத்தார்கள் தெரியுமா? தோழமை. சக மார்க்கம் என்பார்கள்.

சைவப் பெரியவர்கள் இதற்கு நால்வரையும் உதாரணம் காட்டுவார்கள். உழவாரம் ஏந்திய அப்பர் அடியார், சம்பந்தர் பிள்ளை, மாணிக்கவாசகர் ஞானி. யோகத்தின் இடத்தில் நிற்பவர் சுந்தரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்காக அவரை அங்கே வைக்கவில்லை. திருவாரூரில் பரவையாரின் ஊடலைத் தீர்க்க நடுராத்திரியில் சிவபெருமானையே தூது அனுப்பினாரே, அந்த உரிமைக்காக வைத்தார்கள். ஆகவே யோகம் அன்புக்கு எதிரே போட்ட கடை இல்லை. அன்பு ஒரு கட்டத்துக்கு மேல் முற்றும்போது எடுக்கிற உருவம் அது. இதற்குக் கீழே நான் சொல்கிற எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

2. திருமூலர் கதையைப் பெரியபுராணத்தில் உள்ளபடி ஒருமுறை படித்துவிடு. கயிலாயத்திலிருந்து வந்த சிவயோகி அவர், நந்தியெம்பெருமானின் மாணாக்கர். அகத்தியரைப் பார்க்கப் பொதிகைக்குப் போகிற வழியில், காவிரிக்கரையில் சாத்தனூர்ப் பக்கம் மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து கதறுகின்றன. யோகிக்கு மனசு கேட்கவில்லை. தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து எழுந்திருக்கிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. சாயங்காலம் வீடு வரை ஓட்டிக்கொண்டு போய் விடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் சொந்த உடம்பைக் காணோம். இடையன் உடம்போடேயே திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் அமர்ந்தார், ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்பது மரபு.

கூடு விட்டுக் கூடு பாய்வது பெரிய சித்தி. அதை அவர் எடுத்துப் பயன்படுத்திய இடம் மாடு அழுத இடம். அதற்கு அவர் கொடுத்த விலை சொந்த உடம்பு. தமிழில் யோகத்துக்கு முதல் நூல் செய்தவருக்கே வாழ்க்கை அப்படித்தான் தொடங்குகிறது. உனக்கு ஒரு சித்தி கைகூடினால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். ரீல்ஸ் போடுவாய்.

3. ஆசனத்தில் தொடங்காதே. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று யோகா நாள் கொண்டாடுகிறார்கள். நல்ல காரியம்தான், முதுகு நிமிர்கிறது. ஆனால் பாயை விரித்து உடம்பை வளைப்பதே யோகம் என்று ஒரு தலைமுறை நினைக்கத் தொடங்கிவிட்டது. பதஞ்சலியின் சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு. அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுவன மூன்றே மூன்று. சிரமமில்லாமல் அசையாமல் உட்காரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. முட்டி வலித்தால் நாற்காலியில் உட்கார்.

எட்டு உறுப்புகளில் முதலாவது இயமம். பதஞ்சலி அதில் ஐந்தைச் சொல்கிறார்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், வேண்டாததைச் சேர்க்காமை. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தைச் சொல்லும்போது பட்டியல் நீள்கிறது. அடக்கம் வருகிறது, நடுநிலை வருகிறது, கள் கூடாது என்று வருகிறது. எனக்கு மிகப் பிடித்த ஒன்றும் வருகிறது: இருப்பதைப் பகிர்ந்து உண்பது. பதஞ்சலியின் ஐந்தில் அது இல்லை. தமிழ்நாட்டு யோகி ஆசனத்துக்குப் போகும் முன்பே பக்கத்திலிருப்பவன் சாப்பிட்டானா என்று பார்த்தாக வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் நடந்துவிட்டு அப்புறம் பாயை விரி.

4. வடலூருக்கு ஒருமுறை போய் வா. வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒளியுடம்பு பெற்றவர் என்று அவரைக் கொண்டாடுகிற நாம், அவர் ஒளிக்கு எந்த வாசல் வழியாகப் போனார் என்பதை மறந்துவிடுகிறோம். சத்திய ஞான சபையைக் கட்டியது 1872இல். அடுப்பு அதற்கு ஐந்து வருடம் மூத்தது.

5. திருக்குறளில் அதிகார வரிசையைக் கவனி. அன்புடைமை எட்டாவது அதிகாரம், இல்லறத்தில் இருக்கிறது. துறவறப் பகுதி தொடங்குவது அருளுடைமையில், 25ஆவது அதிகாரம். தவம் 27இல்தான் வருகிறது. வீட்டில் பழகிய அன்பு ஊருக்கெல்லாம் விரிந்த பிறகே தவத்துக்கு இடம். தவத்துக்கு அடுத்த அதிகாரம் என்ன? கூடாவொழுக்கம். வேடத்தில் மறைந்துகொண்டு தப்பு செய்கிறவர்களைப் பற்றியது. வள்ளுவர் ஊரை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

6. மூச்சு விளையாட்டு வேண்டாம். திருமந்திரத்திலேயே கணக்கு இருக்கிறது: உள்ளே இழுப்பது 16 மாத்திரை, நிறுத்துவது 64, விடுவது 32. இதைப் படித்துவிட்டு கைப்பேசியில் நேரம் பார்த்து மூச்சை நிறுத்திப் பழகுகிற பையன்கள் இருக்கிறார்கள். தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குத் தூக்கம் கெடும். அந்த எண்கள் பக்கத்தில் ஆசிரியர் இருந்து படிப்படியாக ஏற்றிவிடப்பட்டவருக்கு உரியவை. இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் மூச்சை நிறுத்தவே கூடாது.

புதியவனுக்கு இது போதும்: முதுகை நேராக வைத்து உட்கார். மூச்சு தானாக வந்து போகட்டும். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை "முருகா" என்று மனசுக்குள் சொல். காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம். உனக்கு வேறு சாமி என்றால் அந்தப் பெயரைச் சொல், எனக்கு ஆட்சேபம் இல்லை.

7. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டே இருக்காதே. இந்த மாதம் ஆறெழுத்து, அடுத்த மாதம் வேறு மந்திரம், அதற்கடுத்த மாதம் யாரோ சொன்ன பீஜாட்சரம் என்று போனால் எதுவும் ஊறாது.

8. நெற்றிக் குறுகுறுப்பு பற்றி. எங்கள் ஊர் கொய்யாவுக்குப் பேர் போனது. பதியன் போட்டு நட்ட கன்று அந்த வருடமே பூத்துவிடும். தெரியாதவன் பூவைக் கண்டு பூரிப்பான். தோட்டக்காரன் அதைக் கிள்ளி எறிவான். முதலில் வேர் பிடிக்கட்டும், கிளை தடிக்கட்டும் என்று ஓரிரு வருடம் காய்க்க விடமாட்டான். தியானத்தில் தெரிகிற வெளிச்சம், கேட்கிற சத்தம், வருகிற வாசனை, கனவில் வந்த மயில், எல்லாவற்றையும் அப்படியே கிள்ளிப் போடு. பொய் என்று சொல்லவில்லை. கிள்ளுகிறவனும் அதைப் பூ இல்லை என்று சொல்லவில்லையே. யாரிடமும் சொல்லித் திரியாதே, அதுதான் முக்கியம். சொன்னால் நாலு பேர் காலில் விழுவார்கள். அதோடு உன் கதை முடிந்தது.

9. அன்பு வரவில்லை என்று அழுகிறவர்களுக்கு: அன்பு வரும்வரை காத்திருக்காதே, வேலையைச் செய். அதற்காகத்தான் சரியையை முதல் படியாக வைத்தார்கள். உன் ஊர்க் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை குழாயடியில் பாத்திரம் கழுவு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல்களைச் சாம்பல் போட்டுத் துலக்கு. இரண்டு மாதத்தில் அந்த அகல்மேல் ஒரு பாசம் வரும். அப்புறம் விளக்குமேல். அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

கண்ணப்பரை, அதாவது திண்ணனாரை, உதாரணம் காட்டி, முறை எதுவும் வேண்டாம், உள்ளன்பு போதும் என்று சிலர் வாதம் செய்வார்கள். சரிதான். திண்ணனார் வாயில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தார், கடித்துச் சுவைபார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆனால் ராத்திரியெல்லாம் வில்லோடு தூங்காமல் காவல் நின்றதும், ஆறாம் நாள் தன் கண்ணையே பிடுங்கி அப்பியதும் அதே திண்ணனார்தான். அந்தக் காவலும் அந்தக் கண்ணும் உன்னிடம் இருந்தால் முறையை விட்டுவிடு.

10. மலைமேல் ஆண்டியைப் பார். கோவணமும் தண்டுமாக மேற்கு நோக்கி நிற்கிற அந்தக் கோலம் யோகியின் கோலம். அவனையே அன்றைக்கே ராஜ அலங்காரத்திலும் பார்க்கலாம். ஆண்டிக் கோலத்தில் கும்பிட்டால் நாமும் ஆண்டியாகிவிடுவோம் என்று பயந்து, ராஜாவாகும்வரை காத்திருந்து கும்பிடுகிறவர்கள் உண்டு. இதைவிட வேடிக்கை எனக்குத் தெரிந்து எந்தக் கோயிலிலும் இல்லை. எதையும் வைத்துக்கொள்ளாமல் நிற்கிறவனிடம் கேட்டால்தான் எல்லாம் கிடைக்கும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். இரண்டு கோலத்தையும் கும்பிடு.

சிலை நவபாஷாணம், சித்தர் போகர் செய்தது என்பது நம் நம்பிக்கை. போகருடைய சமாதி மலைக்கோயிலிலேயே இருக்கிறது. கூட்டத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். நீ அங்கே ஐந்து நிமிடம் உட்கார். எதையும் கேட்காதே. நவபாஷாணத்தில் எந்தெந்த விஷம் என்று ஆராய்ச்சி செய்கிற நேரத்தில் அந்த ஐந்து நிமிடமாவது மிஞ்சும்.

11. வேண்டுதலோடு வருகிறவர்களை ஏளனமாகப் பார்க்காதே. கொஞ்சம் தியானம் பழகியவுடன் வருகிற முதல் நோய் இது. மொட்டை போட்டு, தொட்டில் கட்டி, பிள்ளை வரம் கேட்டுப் படியேறுகிற அம்மாவைப் பார்த்து "இவங்க இன்னும் கீழ்ப்படியில இருக்காங்க" என்று நினைத்தாயானால், மேல்படியில் நிற்பது அவள்தான். 693 படியையும் வெறுங்காலோடு ஏறுகிறாள்.

12. இடும்பனை வணங்காமல் மேலே போகாதே. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தான். குருவின் வேலையைச் செய்து வந்தவன்தான், ஆனால் இறக்கி வைத்த மலை மறுபடி அசையவில்லை என்றதும் கோபம் தலைக்கேறி, எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் சண்டைக்குப் போனான், விழுந்தான். மனைவி இடும்பி அழுததால் முருகன் எழுப்பிக் காவல்காரனாக வைத்துக்கொண்டான். தொண்டு செய்கிறவனுக்கு வருகிற கோபம் அப்படிப்பட்டது. "நான் இவ்வளவு சுமந்தேனே" என்று வரும். அன்னதானப் பந்தியில் கரண்டி பிடித்தவன் கத்துவதைப் பார்த்திருப்பாய்.

13. கைப்பேசி. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை. முணுமுணுக்காதே. பதஞ்சலி பிரத்தியாகாரம் என்று ஐந்தாம் உறுப்பாகச் சொன்ன புலனடக்கத்தைக் கோயில் நிர்வாகமே உனக்காக ஒரு மணி நேரம் செய்து கொடுக்கிறது. வாங்கிக்கொள்.

14. குரு வேண்டும். ஆனால் அவசரம் இல்லை. மூன்று நாளில் குண்டலினியை எழுப்பித் தருகிறேன், கட்டணம் இவ்வளவு என்று பலகை வைத்திருப்பவர் குருவாக இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டாரிடமிருந்து உன்னைப் பிரிக்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், தனியாக வரச் சொல்கிறவர், இவர்கள் இருக்கிற தெருவுக்கே போகாதே. பெண்பிள்ளைகளுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

எங்கள் பக்கத்துக் கணக்கன்பட்டியில் மூட்டையும் கையுமாகத் திரிந்தாரே மூட்டை சுவாமிகள், அவரைத் தேடி எங்கெங்கிருந்தோ வந்தார்கள், சமாதியான பிறகும் வருகிறார்கள். இந்தப் பழனி வட்டாரத்துக்குச் சாமியார்கள் புதிதில்லை. கும்பிடலாம், பக்கத்தில் உட்காரலாம். ஆனால் ஒருவரைக் குருவாகக் கொள்வது பெண் பார்ப்பதைவிட நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். அதுவரை புத்தகம் இருக்கிறது. திருமந்திரத்தை உரையோடு வாங்கு, நாளுக்கு ஒரு பாட்டு. கந்தரநுபூதி 51 பாட்டுதான், மனப்பாடம் செய்துவிடலாம்.

15. காலைக் கவனி. நடப்பதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் நடந்து பழகு. கொப்பளத்தைக் குத்தி உடைக்காதே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், செருப்போடு வந்தால் முருகன் திருப்பி அனுப்ப மாட்டான். ராத்திரியில் நடந்தால் நடைபாதையை விட்டுத் தார்ச்சாலைக்கு வராதே. முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள். லாரிக்காரனுக்கு நீ பக்தன் என்பது வெளிச்சம் பட்டால்தான் தெரியும்.

16. திரும்பிப் போவதும் யாத்திரைதான். நகரத்தார் காவடி செட்டிநாட்டிலிருந்து குன்றக்குடி வழியாக நடந்து வரும். 400 ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்பார்கள். தைப்பூசம் முடிந்து எல்லோரும் பேருந்துக்கு ஓடும்போது அவர்கள் வந்த வழியே நடந்து திரும்புவார்கள். நீ அப்படி நடக்க வேண்டியதில்லை, வேலைக்குப் போகணும். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன செய்கிறாய் என்பதை வைத்துத்தான் உன் விரதத்துக்கு நான் மதிப்பெண் போடுவேன். 48 நாள் குடிக்காமல் இருந்தவன் அடிவாரத்திலேயே கடையைத் தேடுகிறான். 48 நாள் எல்லோரையும் "சாமி" என்று கூப்பிட்டவன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியை "ஏய்" என்கிறான். அந்த "சாமி"யை ஒரு ஆளிடமாவது விடாமல் வைத்துக்கொள். தங்கச்சியிடமே தொடங்கலாம்.

17. தியானம் செய்ய உட்கார்ந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் எழுந்து போ.

18. கடைசியாக ஒன்று, எங்கள் ஊருக்காக. ஆயக்குடியில் சாலையோரம் இருப்பதெல்லாம் கொய்யாத் தோப்பு. அன்னதானம் சாப்பிட்ட தட்டையும் தண்ணீர் பாக்கெட்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுப் போகிறீர்கள். பூசம் முடிந்து தோப்புக்காரர்கள் அதை மூட்டை மூட்டையாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது, மாடு தின்றுவிட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகிறது. இந்த வருடம் ஆளுக்கு ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள். குப்பையை அதில் போட்டுப் பழனி வரை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டுங்கள். கொய்யா வேண்டுமானால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், காசு இல்லையென்றாலும் கொடுப்பார்கள்.